சாளரம் மட்டும் போதுமா?

தமிழ்ச் சங்கத்தின் மலரில் சர்வரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் வியப்படையலாம். சர்வர் என்றதும் நம்மில் பலருக்கு மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு வருபவரே நினைவுக்கு வருவார். அவர் பெருமையை எழுதவும் எனக்கு ஆசை உண்டு. அதற்கு வேறொரு மலர் வாய்க்கட்டும். இங்கே நான் எழுத வந்தது, பல்கலைக்கழகக் கணினி நிலையத்தில் இரவு பகல் பாராமல் உழைக்கும் சர்வரைப் பற்றி; அதிலும் குறிப்பாக, அதனுள் அடங்கியிருக்கும் ஒரு சிறு கணினியைப் பற்றி. நம் தேர்வு முடிவுகள், நூலகப் பட்டியல், ஆய்வு மாணவர்களின் பல ஆண்டு உழைப்பு ஆகிய யாவும் அந்தச் சிறு கணினியின் பிடியில் இருக்கின்றன. அதை ஆளும் முறையை நமக்கு எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்பது பொறியியல் மாணவர்க்கு மட்டும் உரிய கேள்வி அன்று. நம் எல்லோருக்கும் உரிய கேள்வியே ஆகும்.

சர்வரின் மதர்போர்டில் ஒரு மூலையில் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி நினைவகம் உண்டு. தனி மென்பொருள் உண்டு. பெரும்பாலும் தனி நெட்வொர்க் இணைப்பும் உண்டு. சர்வரின் மின்கம்பி சுவரில் செருகப்பட்டிருக்கும் வரையில், சர்வர் அணைந்து கிடந்தாலும் இது விழித்திருக்கும். இதையே சர்வீஸ் பிராசசர் என்கிறார்கள். பெரிய வீட்டின் திண்ணையில் படுத்திருக்கும் காவற்காரரைப் போன்றது இது. வீட்டுக்காரர் உள்ளே மயங்கி விழுந்தாலும் காவற்காரர் கையில் சாவி இருக்கிறது, கதவைத் திறப்பார், விளக்கேற்றுவார், முகத்தில் நீர் தெளித்து எழுப்புவார். அவ்வாறே சர்வரின் இயங்குதளம் உறைந்து போன வேளையிலும், சர்வீஸ் பிராசசர் அதை அணைத்து மீண்டும் இயக்கும். மின்விசிறி சுழல்கிறதா, வெப்பம் எவ்வளவு, எந்தப் பாகம் பழுது என்று சொல்லும். சர்வரின் திரையில் தோன்றுவதைத் தொலைவிலிருந்தே காணவும் வழி செய்யும்.

ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. டெல் நிறுவனத்தின் சர்வரில் இது ஐடிராக், எச்.பி.இ. நிறுவனத்தின் சர்வரில் ஐ.எல்.ஓ. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி, 2010-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிளிடம் வந்தது ஐ.எல்.ஓ.எம். இந்தப் பெயர்களில் ஒளிந்திருக்கும் ‘லைட்ஸ் அவுட்’ என்ற தொடர் பொருள் பொதிந்தது. ஆள் யாரும் உள்ளே போக வேண்டாத, விளக்கணைந்த அறையில் இருக்கும் எந்திரத்தையும் ஆளலாம் என்பதே அதன் கருத்து. ஆளுக்கொரு மொழி பேசினால் தொல்லை என்று கண்டு, இன்டெல், எச்.பி., என்.இ.சி., டெல் ஆகிய நான்கு நிறுவனங்களும் கூடி 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது விதிமுறையை வெளியிட்டன. அதன் இரண்டாம் பதிப்பு 2004-இல் வந்தது. இன்றும் பல சர்வர்களில் அது இருக்கிறது.

இந்தக் காவற்காரரோடு பேச இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது சாளரம். இணைய உலவியில் சர்வீஸ் பிராசசரின் முகவரியைக் கொடுத்தால் அழகிய பக்கம் ஒன்று திறக்கும். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, வெப்பத்தைக் காட்டும் கோடு, அழுத்த வேண்டிய பொத்தான் எல்லாம் படமாகத் தெரியும். இரண்டாவது கட்டளை வரி. கறுப்புத் திரையில் நாமே எழுத்துக்களைத் தட்டி, இன்னது செய் என்று சொல்ல வேண்டும். பதிலும் எழுத்தாகவே வரும்.

நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் காட்டப்படுவது சாளரமே. “இங்கே அழுத்து, பிறகு அங்கே அழுத்து” என்று பாடம் முடிந்துவிடுகிறது. கட்டளை வரி கடினம், ஆபத்தானது, பழைய காலத்தது என்று ஒதுக்கப்படுகிறது. இது தவறான போக்கு என்பது என் கருத்து. கட்டளையை முதலில் கற்பிக்க வேண்டும். சாளரத்தைத் துணையாகக் கற்பிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் நாம் எந்திரத்தை ஆள்பவர்களாக வளர மாட்டோம். பொத்தான் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்தவர்களாகவே நின்றுவிடுவோம்.

கட்டளை வரி கடினம் என்பவர்கள் அதன் இலக்கணத்தைச் சற்றே நோக்க வேண்டும். ஐ.எல்.ஓ.எம்.மையே எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள வினைச்சொற்கள் ஏறக்குறைய ஒரு டஜன்தான். காட்டு என்பதற்கு ‘ஷோ’. அமை என்பதற்கு ‘செட்’. தொடங்கு என்பதற்கு ‘ஸ்டார்ட்’. நிறுத்து என்பதற்கு ‘ஸ்டாப்’. மீண்டும் தொடங்கு என்பதற்கு ‘ரீசெட்’. இப்படிச் சிலவே. பெயர்ச்சொற்களோ மரத்தின் கிளைகளைப் போல அமைந்திருக்கின்றன. அடிமரத்திலிருந்து ‘எஸ்.பி.’ என்று ஒரு கிளை. அதில் சர்வீஸ் பிராசசரின் சொந்த விவகாரங்கள். ‘சிஸ்’ என்று இன்னொரு கிளை. அதில் சர்வரின் உறுப்புகள். ஒரு வினையையும் ஒரு பெயரையும் சேர்த்தால் வாக்கியம் முடிந்தது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், இங்கே முதலில் வருகிறது, அவ்வளவே வேற்றுமை. புணர்ச்சி விதிகளையும் வேற்றுமை உருபுகளையும் பள்ளிப் பருவத்திலேயே கற்றுக் கடந்த நமக்கு இந்த இலக்கணம் எம்மாத்திரம்?

சாளரத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. புதிதாக வருபவர் ஒரே பார்வையில் சர்வரின் நலத்தை அறியச் சாளரம் நல்லது. ஒரு வாரத்து வெப்பம் ஏறி இறங்கியதைக் கோடாகக் காட்டும்போது, எண்களின் பட்டியல் சொல்லாத உண்மை கண்ணில் படும். சர்வரின் திரையில் படமாகத் தோன்றும் பிழைச் செய்தியைக் காண வேண்டுமானால் சாளரமே வழி. கட்டளை வரியில் கிடைக்கும் கன்சோலில் எழுத்து மட்டுமே வரும். நம் மேசையில் இருக்கும் இயங்குதளக் கோப்பை, தொலைவில் உள்ள சர்வருக்கு ஒரு வட்டைச் செருகியது போலக் காட்டி நிறுவுவதும் சாளரத்தில் எளிது. இவற்றை எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், கட்டளைக்கு முதலிடம் தர வேண்டும் என்று சொல்ல எனக்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதற் காரணம், கட்டளை எழுத்தாக நிற்கிறது. நேற்று இரவு ஒருவர் சர்வரில் ஏதோ மாற்றினார். இன்று காலை அது முரண்டு பிடிக்கிறது. என்ன செய்தார் என்று கேட்டால், சாளரத்தில் வேலை செய்தவர் “ஏதோ அழுத்தினேன், பிறகு சரி என்பதை அழுத்தினேன்” என்பார். சர்வீஸ் பிராசசரின் பதிவேடு மாற்றம் நடந்ததைச் சொல்லலாம். எந்த எண்ணத்தோடு எந்த வரிசையில் நடந்தது என்பதைச் சொல்லாது. கட்டளையில் வேலை செய்தவரோ தாம் எழுதிய நான்கு வரிகளை எடுத்துக் காட்டலாம். ஆசிரியர் அதைத் திருத்தலாம். நண்பர் அதைப் படித்து இரண்டாம் வரியில் பிழை என்று சொல்லலாம். அறிவு என்பது ஒருவர் எழுதி மற்றொருவர் திருத்தி வளர்வது அன்றோ?

இரண்டாவது காரணம், கட்டளை பெருகும். ஒரு சர்வர் மட்டும் இருந்தால் சாளரமும் கட்டளையும் ஒன்றுதான். நாற்பது சர்வர்கள் இருந்தால், நாற்பது சாளரங்களைத் திறந்து நாற்பது முறை கடவுச்சொல் கொடுத்து நாற்பது முறை அழுத்த வேண்டும். முப்பத்தேழாவது சர்வரில் கை தவறுவது மனித இயல்பு. கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்தால் நாற்பதுக்கும் ஒரே பணி ஒரே விதமாக நடக்கும். பல சர்வர்களைச் சேர்த்து ஆளும் பெரிய சாளர மென்பொருள்கள் இருக்கின்றன என்பது மெய்தான்; அவற்றின் உரிமத்திற்குப் பணம் கொடுக்க எல்லாத் துறைகளாலும் இயலுமா? ஐ.பி.எம்.ஐ.டூல் என்னும் கட்டளைக் கருவியோ விலையில்லாமல் கிடைக்கிறது.

இதற்கு நான் கண்ட சான்று ஒன்று உண்டு. ஒரு மே மாத இரவு. வடநாட்டுக் கோடை எப்படிப்பட்டது என்று நம் விடுதி நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பணியாற்றும் ஆய்வகத்தில் குளிர்சாதனம் நின்றுவிட்டது. சர்வருக்குள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம் என்பது ஆஷ்ரே என்னும் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. அன்று இரவு அது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. என்னோடு இருந்த ஆய்வு மாணவர் விடுதி அறையிலிருந்தே கட்டளை வரியில் பன்னிரண்டு சர்வர்களின் வெப்பத்தையும் ஒரே பட்டியலாக எடுத்தார். பிறகு கணக்கிடும் சர்வர்களை முதலிலும், தரவு வைத்திருக்கும் சர்வர்களைக் கடைசியிலும் முறையாக உறங்க வைத்தார். எல்லாம் பத்து நிமிட வேலை. அந்த ஸ்கிரிப்ட் இருபது வரிகூட இராது. ஆனால் அது முன்பே எழுதப்பட்டு, மூவரால் படிக்கப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு இருந்தது. மறுநாள் ஒருவருடைய ஆய்வுத் தரவும் அழியவில்லை.

மூன்றாவது காரணம், கட்டளை மெலிந்த பாதையிலும் நடக்கும். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர், வயற்காட்டு ஓரத்தில் கைப்பேசிக்குக் கிடைக்கும் அரைகுறைச் சமிக்ஞையில் சர்வரின் சாளரத்தைத் திறக்க முயன்றால், பாதிப் படம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான இணைப்பு வழியாக ஒரு வரிக் கட்டளை அனுப்புவதற்கோ சில நூறு எழுத்துக்கள் போய் வந்தால் போதும். இரண்டு இரவு ரயிலில் கழித்து ஊர் போய்ச் சேரும் நம்மைப் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான்காவது காரணம், சாளரம் விரைவில் மூப்படைகிறது. பழைய சர்வீஸ் பிராசசர்கள் பலவற்றில் தொலைத் திரையைக் காண, உலவிக்குள் ஜாவா இயங்க வேண்டும். குரோம் உலவி 2015-இலும், ஃபயர்பாக்ஸ் 2017-இலும் அந்த வகைச் செருகுநிரலைக் கைவிட்டன. ஃபிளாஷ் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. சர்வர் நன்றாகவே இருக்கிறது. அதன் சாளரம்தான் திறக்க மறுக்கிறது. புதிய சர்வர் வாங்கப் பணமில்லாத துறைகளில் இது அன்றாடத் துன்பம். கட்டளைக்கும் மூப்பு இல்லாமல் இல்லை. எஸ்.எஸ்.எச். மென்பொருளின் புதிய பதிப்புகள் பழைய மறையாக்க முறைகளை ஏற்க மறுக்கின்றன. ஆனால் அங்கே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால், இந்த ஒரு சர்வருக்கு மட்டும் பழைய முறை போதும் என்று அனுமதி தரலாம். சாளரத்திற்கோ பழைய உலவியைத் தேடி அலைய வேண்டும். பாதுகாப்பில்லாத அந்த உலவியை நம் கணினியில் வைத்திருப்பதே ஓர் ஆபத்து.

இனி, கட்டளை ஆபத்தானது என்னும் வாதத்திற்கு வருவோம். ஒரே வரியில் சர்வரை அணைத்துவிடலாமே, மாணவர் கையில் அதைத் தரலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஆபத்து கட்டளையில் இல்லை, அறியாமையில் இருக்கிறது. ஐ.எல்.ஓ.எம்.மில் ‘ஸ்டாப்’ என்று மட்டும் சொன்னால், உறுதிதானா என்று அது ஒருமுறை கேட்கும். பிறகும் இயங்குதளத்திடம் சொல்லி, கோப்புகளை மூட நேரம் கொடுத்தே சர்வரை அணைக்கும். ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்தால்தான் கழுத்தைப் பிடித்து நிறுத்தும். ஐ.பி.எம்.ஐ.டூலில் ‘பவர் சாஃப்ட்’ என்பது மெல்ல எழுப்பி அனுப்புவது. ‘பவர் ஆஃப்’ என்பது மின்சாரத்தை வெட்டுவது. இந்த வேற்றுமையைச் சொல்லித் தராமல் சாளரத்தின் பொத்தானைக் காட்டினாலும் அதே தீங்கு நேரும். பொத்தானும் அதே வேலையைத்தானே செய்கிறது?

மேலும், ஒவ்வொருவர்க்கும் தக்க அளவில் மட்டும் உரிமை தரும் ஏற்பாடு சர்வீஸ் பிராசசரிலேயே இருக்கிறது. ஐ.பி.எம்.ஐ.யில் ‘யூசர்’ என்ற நிலையில் உள்ளவர் பார்க்கலாம், மாற்ற இயலாது. ‘ஆபரேட்டர்’ நிலையில் உள்ளவர் சர்வரை இயக்கலாம், அணைக்கலாம். நெட்வொர்க் அமைப்பிலோ பயனர் கணக்கிலோ கை வைக்க இயலாது. அதற்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ வேண்டும். ஐ.பி.எம்.ஐ.டூல் கேளாமலே உயர்ந்த நிலையைக் கோரும் இயல்புடையது. ஆகவே கீழ்நிலைக் கணக்குள்ளவர் ‘எல்’ என்னும் குறியோடு தம் நிலையையும் எழுத வேண்டும். இதை அறியாமல், கணக்கு வேலை செய்யவில்லை என்று சொல்லி எல்லோருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையை வாரி வழங்கும் இடங்கள் உண்டு. இலக்கணம் தெரியாததால் கோட்டையின் சாவியையே கொடுத்துவிடும் கதை இது.

கோட்டை என்று சொன்னது மிகையன்று. சர்வீஸ் பிராசசரைக் கைப்பற்றியவர் சர்வரையே கைப்பற்றியவர் ஆவார். இயங்குதளத்தில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அவை அவரைத் தடுப்பது அரிது. ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பின் விதிமுறையிலேயே ஒரு பெருங்குறை இருக்கிறது. பயனர் பெயரைச் சொல்லிக் கேட்பவர் யாராயினும், அவர் இன்னார் என்று உறுதி செய்வதற்கு முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணித்த ஒரு மதிப்பை அது அனுப்பிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் அமர்ந்து ஆயிரமாயிரம் சொற்களைப் பொருத்திப் பார்த்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கலாம். டான் ஃபார்மர் என்னும் ஆய்வாளர் இத்தகைய குறைகளை 2013-இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்புக் குழுவும் அவ்வாண்டே எச்சரிக்கை விடுத்தது. பல நிறுவனங்களின் சர்வர்களில் உள்ள மெகாராக் என்னும் சர்வீஸ் பிராசசர் மென்பொருளில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புக வழி இருந்தது 2025 மார்ச்சில் வெளிப்பட்டது. அந்தக் குறையைப் பயன்படுத்தித் தாக்குதல் நடப்பதாக அமெரிக்க அரசு அமைப்பு அவ்வாண்டு ஜூனில் அறிவித்தது.

கடவுச்சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. ஐ.எல்.ஓ.எம்.மோடு ஆலையிலிருந்து நெடுங்காலம் வந்த கடவுச்சொல் ‘சேஞ்ச்மி’. என்னை மாற்று என்பதே அதன் பொருள். கடவுச்சொல்லே வாய்விட்டு வேண்டிக்கொண்டும் மாற்றாதவர்கள் இருந்தார்கள்! டெல் சர்வர்களில் பல்லாண்டுகள் ‘கால்வின்’ என்ற ஒரே சொல் உலகெங்கும் வழங்கியது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைத் தடுக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிறகே பல நிறுவனங்கள் எந்திரத்திற்கு ஒரு சொல் என்னும் வழக்கத்திற்கு மாறின. சாளரத்தைத் திறந்து பச்சை விளக்கைக் கண்டு மகிழ்ந்தவர், இந்தக் காவற்காரர் யாருக்கெல்லாம் கதவைத் திறப்பார் என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். கட்டளை வரியில் பயனர் பட்டியலைத் தானே எழுதி வரவழைப்பவருக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும். கட்டளையிலும் கவனம் வேண்டும்: கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினால், திரையின் பழைய வரிகளைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணில் அது படும். அதைத் தனிக் கோப்பிலிருந்து படிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதையே பழக வேண்டும்.

இப்போது ரெட்ஃபிஷ் என்னும் புதிய முறை பரவி வருகிறது. டி.எம்.டி.எஃப். என்னும் அமைப்பு 2015-இல் வெளியிட்டது. இணையப் பக்கங்கள் போய் வரும் அதே பாதுகாப்பான வழியில், படிக்கத்தக்க எழுத்து வடிவில் இது பேசுகிறது. திறந்த மூல மென்பொருளான ஓப்பன் பி.எம்.சி.யின் சாளரம் உள்ளுக்குள் ரெட்ஃபிஷ் வழியாகவே கேள்வி கேட்கிறது. சாளரத்தின் பின்னால் எப்போதும் ஒரு சொல் இருந்தே வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சொல்லை அறிந்தவர் எந்தச் சாளரத்தையும் ஒரு நாளில் பழகிவிடுவார். சாளரத்தை மட்டும் அறிந்தவர், நிறுவனம் பொத்தானை இடம் மாற்றி வைத்த மறுநாளே திகைத்து நிற்பார்.

ஆகவே பல்கலைக்கழகத்தார்க்கு நான் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. கழித்துக் கட்டிய பழைய சர்வர்கள் இரண்டைக் குப்பைக்கு அனுப்பாமல் மாணவர் பயிற்சிக்குத் தாருங்கள். அவற்றை அணைத்தாலும் எரித்தாலும் யாருக்கும் நட்டமில்லை. நடப்பில் உள்ள சர்வர்களில், பார்க்க மட்டும் இயலும் கணக்குகளை விரும்பும் மாணவர்க்கு வழங்குங்கள். செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் கட்டளையாக எழுதப்பட்டு ஒரு பொதுப் பதிவேட்டில் சேரட்டும். சர்வீஸ் பிராசசர்களைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள், ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை; மனம்தான் தேவை.

நம் சங்கத்திற்கும் ஒரு பணி உண்டு. இந்த வினைகளையும் பெயர்களையும் எளிய தமிழில் விளக்கும் சிறு கையேடு ஒன்றை நாமே எழுதலாம். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது ஏன், எப்போது, எந்த எச்சரிக்கையோடு என்பது தமிழில் இருக்கட்டும். ஊரிலிருந்து புதிதாக வந்து, ஆங்கிலத்துக்கும் அஞ்சி, இந்திக்கும் விழித்து, ஆய்வகத்தின் கடைசி இருக்கையில் ஒதுங்கியிருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அது கைகொடுக்கும். அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்திவிட்டு எழுந்து போகும் பிள்ளைகளாக அவர்கள் இருந்துவிடக் கூடாது. எந்திரத்தோடு அதன் மொழியிலேயே பேசி வேலை வாங்கும் துணிவு அவர்களுக்கு வர வேண்டும். அடுத்த மலருக்குள் அந்தக் கையேட்டின் முதல் இருபது பக்கங்களாவது அச்சேற வேண்டும் என்பது என் அவா. கைகொடுக்க விரும்பும் நண்பர்கள் முன்வருக!